யாரால் இயலாது?

சென்ற திங்கள் நம் சங்கத்தின் செயற்குழு கூடியபோது, நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பணி எனக்கு வந்து சேர்ந்தது. ரயில்வே குமாஸ்தா ஒருவன் எந்தக் கூட்டத்துக்குச் சென்றாலும் அவன் கையில் எழுதுகோலைக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதற்காக நான் வருந்துவதில்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருள், நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் எழுதவும் படிக்கவும் கற்பிக்க வேண்டும் என்பது. ரயில்வே குடியிருப்பில் வாழும் தாய் ஒருவர் அதனைக் கடிதமாக எழுதி அனுப்பியிருந்தார்.

கடிதம் படிக்கப்பட்டது. "இடம் வேண்டுமே" என்றார் ஒருவர். "ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுப்பது?" என்றார் மற்றொருவர். "ஞாயிற்றுக்கிழமையும் படிப்பா? பிள்ளைகள் எங்கே வரப்போகிறார்கள்!" என்று சிரித்தார் மூன்றாமவர். ஐந்து நிமிடத்தில் பேச்சு ஆண்டு விழாச் சாப்பாட்டுக்குத் தாவிவிட்டது. நான் குறிப்பேட்டில், "கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, சாத்தியமில்லை எனத் தெரிகிறது" என்று எழுதினேன். அனைவரும் ஒப்பமிட்டனர். தேநீர் வந்தது.

அன்றிரவு உணவு பரிமாறும்போது என் மனைவி, "தமிழ் வகுப்பு என்ன ஆயிற்று?" என்று வினவினாள்.

"சாத்தியமில்லையாம்" என்றேன்.

"யார் அப்படிச் சொன்னார்கள்?"

விடை கூற வாயெடுத்தேன், விடை இல்லை. இடம் வேண்டும் என்றுதான் ஒருவர் கூறினார். இடம் இல்லை என்று கூறவில்லை. சம்பளம் யார் கொடுப்பது என்பது ஒரு கேள்வி. அது முடிவு அன்று. 'சாத்தியமில்லை' என்ற சொல்லை அக்கூட்டத்தில் ஒருவரும் தம் வாயால் உரைக்கவில்லை. அது என் கையிலிருந்து வந்த சொல். பத்தாண்டுகளாக நாள்தோறும் எழுதிப் பழகிய கை, மூளையைக் கேளாமலே எழுதிவிட்டது.

அந்தச் சொல்லைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை நம் இதழின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லேன். இலக்கணம் கற்ற பெரியோர் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் இவ்வட்டாரத்தில் இருப்புப் பாதையைச் செப்பனிடும் பணியாளராக இருந்தவர். பரமக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வேலைக்காக வடக்கே வந்தவர். பணியில் இருக்கும்போதே அவர் காலமானார். அப்போது எனக்கு வயது 20. கருணை அடிப்படையில் அதே பாதையில் எனக்கும் வேலை கிடைத்தது. அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். கோடையில் கை வைக்க முடியாதபடி தண்டவாளம் சுடும் இந்நாட்டில் ஆறாண்டுக் காலம் சுத்தியலும் கடப்பாரையும் பிடித்தேன். பிறகு துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானேன். காய்ப்பேறிய கையால் எழுதுகோல் பிடிக்கக் கற்றவன் ஆகையால், அலுவலகச் சொல் ஒவ்வொன்றையும் ஒரு கருவியைப் போலப் புரட்டிப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவற்றுள் முதலில் என் கைக்கு வந்தது 'ஃபீஸிபிள்' என்னும் ஆங்கிலச் சொல். பயணிகளின் கோரிக்கைகள் வந்து சேரும் பிரிவில் என்னை அமர்த்தியிருந்தனர். இந்த வண்டி எங்கள் ஊரில் நிற்க வேண்டும், அந்த வண்டிக்கு இன்னும் ஒரு பெட்டி வேண்டும், மேம்பாலம் வேண்டும் என்று நாள்தோறும் மனுக்கள் வரும். பெரும்பாலானவற்றுக்கு விடை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். 'ஆராயப்பட்டது, ஃபீஸிபிள் அன்று' என்பதே அது. அதனை நூறு முறை எழுதிய பின்னரே அதன் பொருள் யாது என்று கேட்கத் துணிந்தேன்.

எங்கள் பிரிவின் தலைமைக் குமாஸ்தா ஒரு வங்காளப் பெரியவர். ஓய்வு பெற இரண்டு ஆண்டே இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்குப் பாடம் சொன்னார். "தம்பி, 'பாஸிபிள்' வேறு, 'ஃபீஸிபிள்' வேறு. முதற்சொல் ஆற்றலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நிகழக்கூடியது எதுவாயினும் அதனுள் அடங்கும். நாளை மழை பெய்வது பாஸிபிள், ஃபீஸிபிள் அன்று. ஏனெனில் மழையை நீயும் நானும் செய்வதில்லை. இரண்டாவது சொல், 'செய்' என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. மனிதன் கைவைத்துச் செய்து முடிக்கத் தக்கதே ஃபீஸிபிள்" என்றார். ஃபௌலர் என்னும் ஆங்கில அறிஞர் 1926-இல் வெளியிட்ட சொல்வழக்கு நூலிலேயே, இவ்விரண்டையும் கலந்து எழுதுவோரைக் கண்டித்திருக்கிறார் என்பதையும் அவர் கூறித்தான் அறிந்தேன். இந்தியில் விடை எழுதும்போது 'வ்யவஹார்ய' என்று எழுதுவோம். நடைமுறைக்கு உகந்தது என்பது அதன் கருத்து.

ஆகவே ஒன்றை 'ஃபீஸிபிள் அன்று' என்று கூறுபவன், அதனைச் செய்ய என்னென்ன வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தவனாக இருக்க வேண்டும். கணக்குப் பாராமல் அச்சொல்லை எழுதுவது, எடை போடாமல் பார்சலுக்குக் கட்டணம் வாங்குவது போன்றது.

நியாயத்தை மறைப்பதற்கில்லை. கணக்கிட்டுப் பார்த்து 'இயலாது' என்று கூறும் விடைகளும் உண்டு. விரைவு வண்டி ஒன்று ஒரு சிற்றூரில் இரண்டு நிமிடம் நின்றால், இழப்பது இரண்டு நிமிடம் மட்டும் என்று வெளியிலிருப்போர் எண்ணுகின்றனர். வேகத்தைக் குறைத்து நிறுத்துவதற்குச் சில நிமிடம். நின்ற வண்டி மீண்டும் முழு வேகம் பிடிப்பதற்குச் சில நிமிடம். அதற்குள் பின்னால் வரும் வண்டியின் வழி அடைபடும். அதற்குப் பின்னால் நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி காத்து நிற்கும். 22 பெட்டிகள் கொண்ட வண்டிக்கு நடைமேடையின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். போதாவிடில் கிழவர்களும் கைக்குழந்தை வைத்திருப்போரும் சரளைக் கற்களின்மேல் குதித்து இறங்க நேரும். அந்நிலையத்தில் எத்தனை பயணச் சீட்டு விற்கும் என்பதும் ஒரு கணக்கு. இவற்றையெல்லாம் பார்த்த பிறகு 'இயலாது' என்றால் அது நேர்மையான விடை. கேட்டவருக்கு வருத்தம் இருக்கும். ஆனால் அவமதிப்பு இல்லை. எது குறைகிறது என்று அவருக்குத் தெரியும். நடைமேடை நீண்டால் மீண்டும் கேட்கலாம்.

காரணம் கூறாத 'இயலாது' அவ்வாறு அன்று. அது கதவைச் சாத்துவதோடு நில்லாமல், கதவு இருந்த இடத்தையே மறைத்துவிடுகிறது.

இனி நம் தமிழுக்கு வருவோம். 'ஃபீஸிபிள்' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் எது என்று ஒருநாள் என் மகள் பள்ளிப் பாடத்துக்காகக் கேட்டாள். 'சாத்தியமான' என்று உடனே கூறிவிட்டேன். பிறகு யோசித்தால், நம் வீட்டுப் பேச்சில் அச்சொல்லை நாம் மிகுதியாக வழங்குவதில்லை. அது வடமொழியிலிருந்து வந்த சொல். செய்து முடித்தல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. நல்ல சொல்தான், பத்திரிகையிலும் மேடையிலும் நன்றாக ஒலிக்கும். ஆயினும் நம் தாய்மார் வேறு சொற்களையன்றோ ஆள்கின்றனர்?

முதலில், 'முடியும்'. ஒரு வேலை நிறைவெய்தும் என்பதும் இச்சொல்தான். அதனைச் செய்ய வல்லவன் என்பதும் இச்சொல்தான். தமிழன் ஒரு வேலையைத் தொடங்கும்போதே அதன் முடிவை எண்ணினான் போலும். அடுத்து, 'இயலும்'. இயல்பு, இயற்கை என்பவற்றோடு பிறந்த சொல் இது. என் இயல்புக்கும் வலிமைக்கும் பொருந்தியது எதுவோ அதுவே எனக்கு இயலும். 'கூடும்' என்பது மூன்றாவது. 'மழை வரக்கூடும்' என்றால் நிகழலாம் என்பது பொருள். ஆனால் 'கூடாது' என்று எதிர்மறையாக்கினால் அது தடையாக மாறிவிடுகிறது. 'ஆகும்' என்பதும் இவ்வாறே. 'இந்த மரம் நிலைக்கு ஆகும்' என்பர் தச்சர்; 'ஆகாது' என்றாலோ பயன்படாதது, தீயது என்றெல்லாம் பொருள் விரியும். தென்பாண்டி நாட்டாரும் ஈழத்தாரும் 'ஏலாது' என்பர். அதில் உடல் தளர்ச்சியின் சாயல் உண்டு.

இவற்றுள் 'முடியாது' என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. "இந்தப் பெட்டியைத் தூக்க என்னால் முடியாது" என்பதில் அது வலிமைக் குறைவு. "நீ சொல்வதைக் கேட்க முடியாது" என்பதில் அது மறுப்பு. ஆற்றல் இல்லை என்பதற்கும் மனம் இல்லை என்பதற்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். கேட்பவர் எப்பொருளில் கொள்வார் என்பது, அவர் நம்மீது வைத்த அன்பைப் பொறுத்தது.

ஆனால் அக்கண்ணியிலிருந்து தப்பும் வழியையும் தமிழே வைத்திருக்கிறது. 'முடியும்', 'இயலும்' என்னும் சொற்கள் தமக்கு முன்னால் 'ஆல்' என்னும் உருபை வேண்டி நிற்கின்றன. என்னால் முடியும்; அவரால் இயலும்; நம்மால் இயலாது. மூன்றாம் வேற்றுமை உருபு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று அதற்குப் பொருள் சொன்னார் எங்கள் தமிழாசிரியர். எதனால், யாரால், யாரோடு என்பவை அந்த உருபுகளுக்குள் அடங்கிய கேள்விகள். 'சாத்தியமில்லை' என்ற சொல்லுக்கோ இந்த 'ஆல்' வேண்டியதில்லை. ஆளில்லாமலே அது தனித்து நிற்கும். ஆகவேதான் அலுவலகங்களும் செயற்குழுக்களும் அதனை விரும்புகின்றன. 'இயலாது' என்று எழுதினால் 'யாரால்?' என்று யாரேனும் கேட்டுவிடக்கூடும்.

என் மனைவி கேட்டதும் அதுதானே!

இவ்வளவும் இலக்கண ஆராய்ச்சியாக இருந்திருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிரேன். அச்சொல் என் வீட்டிலேயே ஒரு காரியம் செய்துவிட்டது. அதனைக் கூறாமல் மற்றவர்க்கு அறிவுரை கூறுதல் முறையன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்ச்சுத் திங்களில் ஒருநாள் மாலை, ஊரிலிருந்து அம்மா கைப்பேசியில் அழைத்தாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம்; மேசையில் கோப்புகள் குவிந்திருந்தன. கண்ணில் புரை முற்றிவிட்டது என்றும், மதுரைக்குச் சென்று அறுவை செய்துகொள்ள நாள் குறித்தாயிற்று என்றும் கூறினாள். பிறகு சிறிது தயங்கி, "அந்நேரம் நீ இங்கே இருக்கத் தோதுப்படுமா ஐயா?" என்று கேட்டாள்.

'தோது' என்ற சொல்லை எங்கள் பக்கத்தார் நன்கு அறிவர். நான் மேலே கூறிய சொற்கள் எல்லாவற்றையும்விட 'ஃபீஸிபிள்' என்பதற்கு மிக அண்மையில் நிற்கும் சொல் அதுவே என்று இன்று எண்ணுகிறேன். வேலை, நேரம், பணம், பயணம் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தி வருமா என்று கேட்கும் சொல் அது. அதில் கட்டளை இல்லை, கெஞ்சுதலும் இல்லை. உன் நிலையை நீ பார்த்துச் சொல் என்று மதிப்போடு விட்டுக்கொடுக்கும் சொல்.

நான் பார்க்கவில்லை. "இப்போது முடியாது அம்மா, மார்ச்சு மாதம்" என்றேன். அவள் மேலும் ஏதோ சொல்ல வந்தாள். "சாயங்காலம் பேசுகிறேன்" என்று நிறுத்திவிட்டேன். சாயங்காலம் பேசினேன், பணம் அனுப்புவதைப் பற்றிப் பேசினேன். அவள் அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கவில்லை.

அறுவை நன்றாகவே முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் உடன் சென்றிருந்தாள். மே மாதம் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குச் சென்றேன். அம்மா என் தலையைப் பார்த்து, "இவ்வளவு நரைத்துவிட்டதா! எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்றாள். கட்டு அவிழ்த்ததும் முதலில் என்ன தெரிந்தது என்று என் மகள் கேட்டாள். "இந்தப் பெண்ணின் மூக்குத்திதான்" என்று பக்கத்து வீட்டைக் காட்டிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பத்து நாள் விடுப்பு அப்போது கிடைத்திராது அம்மா" என்றேன். நான் கேட்கப்படாமலே கூறிய சமாதானம் அது.

"பத்து நாளா? யார் கேட்டது? அறுக்கிற அன்றைக்கும் கட்டவிழ்க்கிற அன்றைக்கும், ரெண்டு நாளைக்குத்தானே கேட்க வந்தேன். உனக்கு முடியவில்லை, அதனாலென்ன?" என்றாள்.

'உனக்கு முடியவில்லை' என்றாள். நான் கூறிய 'முடியாது' என்பதை ஆற்றல் இன்மை என்றே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். மகனால் இயன்றிருந்தால் வந்திருப்பான் என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. என் பொய்யை அவள் எனக்காக மெய்யாக்கி வைத்திருந்தாள்.

அன்றிரவு திண்ணையில் படுத்துக்கொண்டு, அலுவலகத்தில் மனுக்களை ஆராய்வதுபோல் என் அம்மாவின் மனுவை முதன்முறையாக ஆராய்ந்தேன். எது குறைந்தது? விடுப்பா? சம்பளத்தோடு கூடிய விடுப்பு என் கணக்கில் நூறு நாளுக்கு மேல் சேர்ந்திருந்தது. பணமா? ரயில்வே ஊழியனுக்குப் பயணத்துக்குப் பாஸ் உண்டு. அவ்வாண்டில் ஒன்றைக்கூட நான் பயன்படுத்தவில்லை. நேரமா? இங்கே ஏறினால் மூன்றாம் நாள் காலையில் பரமக்குடியில் இறங்கலாம். போகவர நான்கு நாள், அங்கே இரண்டு நாள், ஆக ஆறு நாள். பக்கத்து மேசை நண்பர் ஒருவர் என் கோப்புகளை ஆறு நாள் பார்த்துக்கொள்ள மாட்டாரா? அவர் தந்தைக்கு நோய் கண்டபோது நான் அவருடையதைப் பார்த்தேனே! ஒன்றும் குறையவில்லை. கேட்டு முடிக்கும் பொறுமை ஒன்றுதான் குறைந்தது. நான் கணக்கே போடவில்லை.

அன்று முதல் 'முடியாது' என்ற சொல் என் நாவில் வரும்போதெல்லாம் ஒரு கணம் நிற்கிறேன். எல்லா வேளையிலும் நின்றேன் என்று கூறுவதற்கில்லை. நின்றிருந்தால் சென்ற திங்கள் குறிப்பேட்டில் அவ்வாறு எழுதியிருப்பேனா?

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் கூறும் ஒரு செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், கடலின்மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் அடித்த பெரும்புயலில், தனுஷ்கோடிக்குச் சென்ற வண்டி பயணிகளோடு கடலுக்கு இரையானது. பாலத்தின் இரும்புக் கர்டர்கள் பலவும் அலைகளால் பெயர்த்தெறியப்பட்டன. அதனைச் செப்பனிட ஆறு திங்கள் ஆகும் என்று முதலில் கணக்கிட்டனர். மண்டலத் தலைமை அதனை மூன்று திங்களாகக் குறைத்தது. அப்பணி, பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டில்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ்பெற்ற இ.ஸ்ரீதரன் என்னும் இளம்பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது 46 நாட்களில் நிறைவேறியது.

எவ்வாறு நிறைவேறியது? புதிய கர்டர்களைத் தொலைவிலிருந்து கொண்டுவருவது என்றால் காலம் நீளும். கடலில் விழுந்தவை எங்கே கிடக்கின்றன என்பதை மீனவர்கள் கண்டு சொன்னார்கள். அவற்றைத் தூக்கி எடுத்து மீண்டும் பொருத்தினர். இல்லாததை எண்ணிக் காத்திராமல், இருப்பது எங்கே கிடக்கிறது என்று தேடியதனால் ஆறு திங்கள் 46 நாளாயிற்று. பொறியாளரின் திறமையோடு மீனவரின் கண்ணும் சேர்ந்தது. 'பொறியாளரால் இயலுமா?' என்று மட்டும் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கக்கூடும். 'பொறியாளராலும் மீனவராலும் இயலுமா?' என்று கேட்டபோது விடை மாறியது. மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளை இதைவிட நன்றாக எந்த உரையாசிரியர் விளக்க இயலும்?

அதே புயலின் மற்றொரு பக்கத்தையும் மறத்தல் ஆகாது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அறிவிக்கப்பட்டது. பாம்பனிலிருந்து அவ்வூருக்குச் சென்ற பாதை மீண்டும் போடப்படவில்லை. ஒரே புயல், ஒன்றுக்கு 'இயலும்', மற்றொன்றுக்கு 'இயலாது'. பாலமும் என்றென்றைக்கும் இயலும் என்று இருந்துவிடவில்லை. உப்புக்காற்றில் நூறாண்டுக்கு மேல் நின்ற அது முதுமையெய்தியதால், 2022 டிசம்பரில் அதன்மேல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அருகிலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. இயல்வதும் இயலாததும் காலத்தோடும் கருவியோடும் மாறுகின்றன.

வள்ளுவர் இதனை நன்கு அறிந்திருந்தார். பொருட்பாலில் 48-ஆவது அதிகாரம் வலியறிதல், 49-ஆவது காலமறிதல், 50-ஆவது இடனறிதல். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தார். எவ்வளவு வலிமை, எந்தக் காலம், எந்த இடம் என்று மூன்றையும் அறிந்த பின்னரே ஒரு வினை இயலும், இயலாது என்று கூறலாம். இந்நாளில் பெரிய திட்டங்களுக்குச் 'சாத்தியக்கூறு ஆய்வு' என்று பல பக்க அறிக்கை எழுதுகின்றனர். அவ்வறிக்கைகளின் உள்ளடக்கமும் பெரும்பாலும் இம்மூன்றேயாகும். வீட்டுக் காரியங்களுக்கும் சங்கக் காரியங்களுக்கும் அவ்வளவு பெரிய அறிக்கை வேண்டியதில்லை. அரைத்தாள் போதும்.

அந்த அரைத்தாளைத்தான் சென்ற வாரம் எழுதிப் பார்த்தேன்.

வலி: ஆசிரியர் வேண்டும். இலக்கியம் கற்பிக்க என்னால் இயலாது. அகரம் முதல் எழுதக் கற்பிக்க என்னால் இயலும். கடிதம் எழுதிய அந்தச் சகோதரியாரைச் சென்று கண்டேன். அவர் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தவர். "நான் வருகிறேன் அண்ணா, கேட்பார் இல்லையே என்றுதான் இருந்தேன்" என்றார். இருவருக்கும் சம்பளம் தேவையில்லை. பாடநூலுக்கும் பணம் தேவையில்லை. தமிழ்நாட்டு அரசின் பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2001-இல் தொடங்கப்பெற்று இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயருடன் விளங்கும் நிறுவனம், தொடக்கநிலைப் பாடங்களையும் இணைய வழியே அளிக்கிறது.

இடம்: நம் சங்கக் கட்டிடத்தின் கூடம் ஞாயிறு காலையில் வாடகைக்குப் போய்விடுகிறது, அந்த வருவாய் சங்கத்துக்குத் தேவை. ஆனால் பின்புறத் தாழ்வாரத்தை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை. அங்கே கிடக்கும் பழைய நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தால் பதினைந்து பிள்ளைகள் அமரலாம்.

காலம்: ஞாயிறு மாலை வேண்டாம், பிள்ளைகள் விளையாடட்டும். காலை 9 மணி முதல் 10 மணி வரை. கோடையில் இங்குள்ள வெயிலுக்கு அஞ்சி 8 மணிக்கே தொடங்கலாம்.

எஞ்சியது ஒன்று: பிள்ளைகள் வருவார்களா? இது ஒன்றுதான் அரைத்தாளில் விடை எழுத இயலாத கேள்வி. இதற்குரிய 'ஆல்' என் கையில் இல்லை. இந்த இதழைப் படிக்கும் உங்கள் கையில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து ஒருத்தி வருவாள். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும். ஆனால் ஆத்தாள் அனுப்பும் பொங்கல் வாழ்த்தை நாங்கள்தாம் படித்துக் காட்டுகிறோம். அந்த அட்டையில் எழுதியிருப்பதைத் தானே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மாவுக்குக் கண் தெரிந்த பிறகு அவள் தன் கையாலேயே எழுதி அனுப்புகிறாள்.

வருகின்ற திங்கள் செயற்குழுவில், ஐந்தாம் பொருள் பற்றிய என் குறிப்பைத் திருத்த வேண்டும் என்று முறைப்படி கேட்க இருக்கிறேன். 'சாத்தியமில்லை' என்பதை அடித்துவிட்டு, "இடம் உண்டு; கற்பிக்க இருவர் உளர்; பிள்ளைகள் எத்தனை பேர் என்பது தெரிய வேண்டும்" என்று எழுத உறுப்பினர்கள் ஒப்புவார்கள் என்றே நம்புகிறேன். ஒரு வேளை நான்கு வாரம் நடத்திப் பார்த்து, உண்மையிலேயே இயலவில்லை என்றால், அதனையும் எழுதுவோம். ஆனால் அப்போது எது குறைந்தது, யாரால் இயலவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவோம். பின்னால் வருபவர்கள் அந்தக் குறையை நிறைத்துக்கொண்டு மீண்டும் தொடங்குவதற்கு அது உதவும்.

அன்பர்களே, இம்முறை ஊரிலிருந்து கைப்பேசியில் யாரேனும் அழைத்துத் 'தோதுப்படுமா?' என்று கேட்டால், அவர்கள் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அவர்கள் கேட்பது பத்து நாளாக இராது. இரண்டு நாளாக இருக்கலாம்.